கிணற்றடி வளவும் அடங்காக் களைகளும்

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுக் களையைப் பற்றிப் பேசுவதென்றால் கிணற்றிலிருந்துதான் தொடங்கவேண்டும். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. வழுக்கியாற்றில்கூட மாரியில்தான் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்வது மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி, கோடையில் எங்களைக் காப்பாற்றுகிறது. அந்தக் கல் எவ்வளவு ஓட்டையானது என்பதற்கு நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் கண்கண்ட சாட்சி. மேலே இருக்கும் மண்ணோ பல இடங்களில் தடிப்புக் குறைந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில் தட்டும். ஆகவே வளவுக்குள் எதைக் கொட்டினாலும், எதை விசிறினாலும், அதன் கணக்கு ஒருநாள் வாளியில் ஏறி வரும்.

இந்த அடிப்படையை மறந்து சொல்லப்படும் ஆலோசனைகள்தான் இன்று அதிகம். உப்பைக் கரைத்து அடியுங்கள், வினாகிரியை ஊற்றுங்கள், பொலித்தீனால் மூடுங்கள், ஒரு போத்தல் களைநாசினி வாங்கினால் அலுவல் முடிந்தது என்று ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஏதோ கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு வழி சரியா பிழையா என்று தீர்க்க, செடி வாடிப்போனதைப் பார்த்தால் மட்டும் போதாது. மண்ணுக்குள் மறைந்திருக்கும் விதையையோ கிழங்கையோ அது தொடுகிறதா? கிணற்றையும் மண்ணையும் கெடாமல் விட்டுவைக்கிறதா? வீட்டில் இருப்பவர்கள், அதுவும் பெரும்பாலும் வயதுபோனவர்கள், அதை மூன்று நான்கு மாரிக்குத் தொடர்ந்து செய்ய முடியுமா? இந்த மூன்றையும் கேட்டுத்தான் ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன்.

வளவுக்குள் வரும் களைகள் பல. நெருஞ்சி, தொட்டாற்சுருங்கி, நாயுண்ணி எல்லாம் தொல்லைதான். வேரோடு கிளப்பி எறிந்து, பின்னால் தலைகாட்டுவதையும் கவனித்துக்கொண்டால் காலப்போக்கில் அடங்கிவிடும். அடங்காதவை இரண்டு: பார்த்தீனியமும் கோரையும். குணத்தில் இவை நேர் எதிரானவை. பார்த்தீனியம் விதையால் வாழ்வது, கோரை கிழங்கால் வாழ்வது. முன்னது எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தது. பின்னது பாட்டன் பூட்டன் காலத்திலும் இங்கே இருந்தது. ஒன்றை அழிக்கிற வேலை மற்றதை வளர்த்துவிடக்கூடும். இரண்டையும் ஒரே விதமாகக் கொத்துவதில்தான் பெரும்பாலான வளவுகளின் தோல்வி தொடங்குகிறது.

பார்த்தீனியம் வந்த கதையை யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். 1987இல் வந்த இந்திய அமைதிப்படை இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளோடும் அவற்றின் தீவனத்தோடும் அது வந்ததாம். காலம் ஓரளவு பொருந்தத்தான் செய்கிறது. படை 1990 மார்ச்சில் திரும்பிப்போனது. இலங்கையில் இந்தச் செடி முறையாகப் பதிவானது 1999இல், வவுனியாவில். ஆனால் இந்தியாவிலும் இதே அச்சில் வார்த்த ஒரு கதை உண்டு. அமெரிக்கா அனுப்பிய பி.எல். 480 கோதுமையோடுதான் பார்த்தீனியம் வந்தது என்று அங்கே சொல்வார்கள். புனேயில் அது கவனிக்கப்பட்டது 1955இல், பி.எல். 480இன்கீழ் இந்தியா ஒப்பந்தம் செய்தது 1956இல். வருடக் கணக்கு இடிக்கிறது. வெளியாள்மேல் பழிபோடும் கதை ஊரில் எளிதில் நிலைத்துவிடும்; அதற்காக அதை அத்தாட்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அந்தக் கதையில் வீட்டுத்தோட்டக்காரருக்குப் பயன்படும் பகுதி வேறு. மெக்சிக்கோ வளைகுடாப் பக்கத்தில் பிறந்த இந்தச் செடி தீவனத்தோடும், எருவோடும், வாகனச் சக்கரத்தில் ஒட்டிய சேற்றோடும், விதைப்பொதியோடும் பயணம் செய்யும். அந்த வாசல் இன்றும் திறந்துதான் கிடக்கிறது. வன்னியிலிருந்து மாட்டெரு லொறியில் வந்து இறங்குகிறது. வீடு கட்ட மண்ணும் மணலும் வருகின்றன. எருவை வாங்கிய கையோடு பாத்தியில் பரப்பாமல், மூலையில் குவித்து, தண்ணீர் தெளித்து, முளைக்கிறதை முளைக்கவிட்டுப் பிடுங்கியபின் பரப்புகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். காசு செலவில்லாத வேலை. நான் எடைபோட்ட வழிகள் எல்லாவற்றிலும் இதுதான் மலிவானது, ஆனால் இதைத்தான் மிகக் குறைவானவர்கள் செய்கிறார்கள்.

முளைத்த பார்த்தீனியம் முதலில் தண்டே இல்லாமல் தரையோடு படுத்துக் கிடக்கும். ஆழமாகப் பிளந்த, மெல்லிய மயிர் படர்ந்த இலைகள் வட்டமாக விரிந்து மண்ணை மூடும். அந்த நிலையில் அதைப் பார்க்கிறவர்களுக்கு ஆபத்து எதுவும் தெரியாது. கீரைக்கன்று என்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு. பிறகு நடுவிலிருந்து தண்டு எழும்பும், கிளைவிடும், நுனியெல்லாம் குண்டூசித் தலையளவு வெள்ளைப் பூக்கள் நிறையும். முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பூக்கத் தொடங்கிவிடும். நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 வரை விதை தரும். மண்ணுக்கு மேலே கிடக்கும் விதை சீக்கிரம் முளைத்தோ செத்தோ போகும். மண்ணுக்குள் புதைந்தது வருடக்கணக்காக உயிரோடிருக்கும். செடியில் உள்ள பார்த்தெனின் என்ற நச்சுப்பொருள் பக்கத்துப் பயிரின் முளைப்பைத் தடுக்கும். மனிதத் தோலில் கடியும் கொப்புளமும் உண்டாக்கும். பூந்தூள் மூக்கையும் மூச்சையும் உபத்திரவப்படுத்தும். தீவனத்தோடு கலந்து மாடு தின்றால் பால் கசக்கும்.

இந்த உடலமைப்பைப் பார்த்தாலே தீர்ப்பின் பாதி கிடைத்துவிடுகிறது. பார்த்தீனியத்தின் பலம் முழுவதும் விதையில். பூப்பதற்கு முன் பிடுங்கிய செடி ஒன்று, பூத்தபின் பிடுங்கிய பெருங்கட்டுக்குச் சமம். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், கையுறையோடும் நீளக்கை சட்டையோடும், ஆணிவேர் முழுதாக வரும்படி அடியில் பிடித்து இழுக்கவேண்டும். பூக்காததைப் பசளைக் குழியில் போடலாம். பூத்ததை அந்த இடத்திலேயே பைக்குள் அடைத்து, நன்றாகக் காயவைத்துக் கொளுத்தவேண்டும்; வேலிக்கு மேலால் ஒழுங்கையில் எறிந்துவிட்டு வீடு துப்புரவாகிவிட்டது என்று இருப்பது அயலுக்கு விதைக்கிற வேலை. முதல் மழையோடு ஒரு தடவை, அதிலிருந்து மூன்று கிழமைக்கு ஒரு தடவை, மாரி முடியும்வரை இப்படிப் போகவேண்டும். கோடையிலும் இறைப்பு நடக்கும் பாத்தியென்றால் அங்கே கோடையிலும் முளைக்கும்.

புல்லு வெட்டும் மெசினைப் பற்றி ஒரு வார்த்தை. நேரமில்லாதவர்களும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி வளவைத் துப்புரவாக்குபவர்களும் இன்று நாடுவது அதைத்தான். பார்த்தீனியத்துக்கு அதைவிட வசதியான வேலை கிடையாது. மெசின் மேல்தண்டை மட்டும் அறுக்கிறது; தரையோடு ஒட்டிய கழுத்திலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளை வெடித்து, முன்னிலும் தாழ்வாக, கண்ணில் படாமல் பூக்கிறது. பூத்த செடியை அறுத்தாலோ விதை வளவு முழுவதும் சிதறும். வெட்டிய அன்று படம் எடுத்து அனுப்ப அழகாக இருக்கும். மூன்று கேள்வியில் முதலாவதிலேயே இந்த வழி விழுந்துவிடுகிறது. பழைய உழவாரம் இதைவிட நூறு மடங்கு புத்தியான கருவி: தகட்டை மண்ணுக்குள் சற்றே இறக்கிச் செருக்கினால் கழுத்துக்குக் கீழே அறுபடும், செடி பிழைக்காது.

வட மாகாண சபை 2013இல் அமைந்தபின், விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் காலத்தில் பார்த்தீனிய ஒழிப்பு ஓர் இயக்கமாகவே முன்னெடுக்கப்பட்டது. அதன் பெரிய பலன், அதுவரை பெயர் தெரியாமல் கிடந்த செடியை ஊர் அடையாளம் கண்டுகொண்டது. இன்று பள்ளிக்கூடப் பிள்ளையும் அதைப் பார்த்துப் பெயர் சொல்லும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் செடி இன்றும் வீதியோரங்களில் பூத்து நிற்கிறது. இயக்கம் என்பது நாள் குறித்து நடப்பது. பார்த்தீனியம் வாரக்கணக்கில் வாழ்வது. ஒரே மாரிக்குள் இரண்டு மூன்று தலைமுறை தள்ளிவிடக்கூடிய செடியை வருடத்தில் ஒரு பெருநாள் கூடிப் பிடுங்கி வெல்ல முடியாது. எந்த அமைப்பு நடத்தினாலும் இந்தக் குறை வரும். சிரமதானம் என்ற வடிவத்துக்கே உரிய குறை இது.

இனி உப்புக்கு வருவோம். 15 முதல் 20 வீத உப்புக் கரைசலை விசிறினால் பார்த்தீனியம் கருகும் என்பது இந்தியாவில் நெடுநாளாகச் சொல்லப்படும் பரிந்துரை. கருகுவது உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 வீதம். அப்படியென்றால் விசிறச் சொல்வது கடலைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வரை கரிக்கும் தண்ணீரை. முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு ஏறக்குறைய 2.4 முதல் 3.2 கிலோ வரை உப்பு. இரும்புப் பாதை ஓரத்திலோ தார் வீதிக் கரையிலோ இதை அடித்தால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம். கரையோரக் கிணறுகள் ஏற்கெனவே உவராகிக் கொண்டிருக்கும் குடாநாட்டில், நல்லதண்ணீர்க் கிணறு உள்ள வளவுக்குள், அடுத்த போகம் வெங்காயமோ மிளகாயோ வைக்கப்போகும் மண்ணில் உப்பை வலிந்து கொட்டச் சொல்வது பெரும் பிழை. விதையை உப்பு ஒழிப்பதுமில்லை. ஆனையிறவில் விளைகிற உப்பு சமையலுக்கு இருக்கட்டும். வினாகிரியும் கொதிதண்ணீரும் இலையைச் சுடுவதோடு சரி; சீமெந்துப் படிக்கட்டு வெடிப்பில் முளைத்த ஒன்றிரண்டுக்குப் போதும், தோட்டத்துக்குக் காணாது.

களைநாசினி விவகாரம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கிளைபோசேற்றை இலங்கை 2015இல் தடைசெய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது வட மத்திய மாகாணத்தில் பரவிய, காரணம் தெரியாத நீண்டகாலச் சிறுநீரக நோய். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். 2021இல் எல்லா விவசாய இரசாயனத்தையும் ஒரேயடியாக நிறுத்திப் பார்த்து அதே வருடம் பின்வாங்கினார்கள். 2022 ஓகஸ்ட்டில் கிளைபோசேற் தடை முழுதாக நீங்கியது. ஏழு வருடத்தில் இத்தனை திருப்பம். இதைப் பார்த்த சாதாரண விவசாயிக்கு, அது நஞ்சா இல்லையா என்பதற்குப் பதிலாக ஆட்சி மாறினால் விதி மாறும் என்ற ஒன்றுதான் விளங்கியிருக்கும்.

நான் களைநாசினியை எதிர்க்கிறேன், ஆனால் எதிர்ப்பதற்கு ஊரில் சொல்லப்படும் காரணங்கள் எல்லாவற்றையும் ஏற்கவில்லை. சிறுநீரக நோய்க்கும் கிளைபோசேற்றுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 மார்ச்சில் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் வரிசையில் வைத்தது. அதே வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதற்கு மாறாகச் சொன்னது. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணில் இரும்பு ஒட்சைட்டு அதிகம். அது கிளைபோசேற்றை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. ஆகவே அடித்த மறுநாளே கிணற்றில் கலக்கிறது என்ற பேச்சு செம்மண் வளவுக்கு அவ்வளவு பொருந்தாது. பொசுபேற்று உரம் நிறையப் போட்ட மண்ணிலும், தென்மராட்சி வடமராட்சி மணற்பாங்கான காணியிலும் அந்தப் பிடி தளரும்.

அப்படியானால் ஏன் எதிர்ப்பு? முதலாவது, அது வேலை செய்வதில்லை. பச்சை இலையில் பட்டால்தான் கிளைபோசேற் உள்ளே போகும். மண்ணுக்குள் கிடக்கும் பார்த்தீனிய விதையை அது தொடாது. கூடவே நின்ற அறுகையும் மற்றப் புல்லையும் சேர்த்துக் கொன்று, அடுத்த மழைக்கு வெறும் நிலத்தைத் தயாராக்கி வைக்கும். வெறும் நிலம் கிடைத்தால் முதலில் வந்து குடியேறுவது பார்த்தீனியம்தான். போதாக்குறைக்கு, கிளைபோசேற்றுக்கு மசியாத பார்த்தீனியம் 2004இலேயே கொலம்பியாவில் கண்டறியப்பட்டுவிட்டது. இரண்டாவது, மருந்து கிணற்றுக்குப் போகும் வழி. மண்ணுக்குள்ளால் போகாவிட்டாலும் மனிதர் கையால் போகும். அடித்து முடித்தவர் தாங்கியை எங்கே கழுவுகிறார் என்று கவனித்துப் பாருங்கள்: கிணற்றடியில், துவைகல்லுக்குப் பக்கத்தில், கழுவிய தண்ணீர் கட்டுக்குக் கீழால் கசியும் இடத்தில். கடைக்காரர் போத்தலோடு கையுறை கொடுப்பதில்லை, அளவுக் குவளையும் கொடுப்பதில்லை. மூன்றாவது, வீட்டுக்குள் நஞ்சுப் போத்தல் இருப்பதே ஆபத்து. 1995இல் இலங்கையில் தற்கொலை உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்றாக இருந்தது. கிரமக்சோன் என்று ஊரறிந்த பரகுவாட் உட்படக் கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்தபின் பல உயிர்கள் தப்பின. கிளைபோசேற் அவ்வளவு கொடியதில்லை. ஆனாலும் ஒரு பரப்புக் காணிக் களைக்காக அலுமாரிக்கு அடியில் அந்தப் போத்தலை வைத்திருக்க வேண்டிய தேவை எந்தக் குடும்பத்துக்கும் இல்லை.

கிணறு கெட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போகத் தேவையில்லை. சுன்னாகம் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. தீர்ப்புக் கிடைத்தது, ஆனால் கல்லுக்குள் போன எண்ணெயை எந்த நீதிமன்றமும் திருப்பி எடுக்க முடியாது. யூரியாவாலும் மலசலகூடக் குழியாலும் வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பது 1980களிலேயே ஆய்வுகளில் வந்த செய்தி. ஏற்கெனவே இவ்வளவு சுமக்கும் தண்ணீரில் இன்னொன்றைச் சேர்க்காமல் இருப்பதுதான் அறிவு.

கோரைக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. 1977இல் வெளிவந்த, உலகக் களைகளைப் பற்றிய பெரிய நூல் ஒன்று எல்லாவற்றுக்கும் முதலிடம் கோரைக்குத்தான் கொடுத்தது. ஏன் என்று அறிய ஒரு கோரையை மெதுவாகத் தோண்டிப் பார்க்கவேண்டும். மேலே மினுங்கும் மூன்று நான்கு இலை. அடியில் ஒரு சின்னக் குமிழ். அதிலிருந்து கம்பி போன்ற வேர்த்தண்டு பக்கவாட்டில் ஓடும். அதில் ஒரு கறுத்த கிழங்கு, அங்கிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை, மூக்கில் மருந்து வாசம். நாட்டு வைத்தியர் காய்ச்சல் குடிநீருக்குச் சேர்க்கும் கோரைக்கிழங்கு இதுதான். தொடரில் இளம் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை உறங்கும். தொடர் அறுந்தால் உறங்கியவை ஒவ்வொன்றும் விழித்துத் தனித்தனியாக முளைக்கும்.

இப்போது கையால் பிடுங்குவதை எடைபோடுங்கள். பார்த்தீனியத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய வழி இங்கே படுதோல்வி. இலையும் குமிழும் கையோடு வரும், கம்பி அறும், கீழே இருப்பவை விழிக்கும். மாரியில் ஈர மண்ணைக் கொத்துவது அதைவிட மோசம்; ஒரு பாத்திக் கோரையை வளவு முழுவதும் நடுகிற வேலை அது. களைநாசினியும் முளைத்து நிற்கும் தொடருக்குள்தான் போகும். அறுந்து தனியே உறங்கும் கிழங்குக்குப் போகாது. கறுப்புப் பொலித்தீன் பார்த்தீனியத்தை அடக்கும், கோரை நுனி ஊசியாக அதைக் குத்திக்கொண்டு மேலே வரும். பிறகு அந்தப் பொலித்தீன் துண்டுதுண்டாகக் கிழிந்து மண்ணில் கலப்பதுதான் மிச்சம்.

கோரைக்கு இரண்டு பலவீனம் உண்டு. கிழங்கு காய்ந்தால் சாகும். இலைக்கு நிழல் ஆகாது. இந்த இரண்டையும் யாழ்ப்பாணத்துக் காலநிலை எங்களுக்கு இலவசமாகத் தருகிறது. மோட்டர் வந்தபின் நாங்கள்தான் அதை வீணாக்குகிறோம். துலாவால் இறைத்த காலத்தில் கோடையில் பயிர் உள்ள பாத்திக்கு மட்டும்தான் தண்ணீர் போகும். மிச்ச நிலம் காய்ந்து கிடக்கும். இன்று சுவிட்சைப் போட்டால் வளவு முழுவதும் நனைகிறது, கோரை வருடம் முழுவதும் செழிக்கிறது. கோரை பிடித்த பாத்திக்கு ஒரு கோடை முழுவதும் தண்ணீரை நிறுத்தவேண்டும். வைகாசி தொடக்கம் ஆவணி வரை, சோளகக் காற்றும் கடும் வெயிலும் இருக்கும்போது, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கட்டிகளை உடைத்து விடவேண்டும். கிழங்கில் பெரும்பங்கு அந்த ஆழத்துக்குள்தான் இருக்கிறது. கட்டிக்குள் ஒளிந்திருக்கும் கிழங்கு தப்பிவிடும் என்பதால் உடைப்பதுதான் இதில் முக்கியம். இரண்டு மூன்று கிழமை கழித்து மறுபடி புரட்டவேண்டும். மாரியில் கோரையைப் பெருக்கும் அதே மண்வெட்டி கோடையில் அதைக் கொல்கிறது.

தப்பியவற்றுக்கு நிழல். முதல் மழையோடு சணலை நெருக்கமாக விதைத்து, பூக்கும் தறுவாயில் மண்ணோடு தாழ்த்தலாம், பசளையும் ஆகும். அல்லது வற்றாளைக் கொடியை நெருக்கி நடலாம், பூசணியைப் படரவிடலாம். கொடி மூடும்வரை முளைத்துவரும் கோரையை இரண்டு மூன்று கிழமைக்கொரு தடவை, புதுக் கிழங்கு வைக்க அவகாசம் கொடுக்காமல், மேலோடு உழவாரத்தால் செருக்கிக்கொண்டே போகவேண்டும். ஒரு வருடத்தில் ஒழியாது. இரண்டாம் கோடையில்தான் வித்தியாசம் தெரியும். வெங்காயம் அந்தப் பாத்திக்கு இப்போதைக்கு வேண்டாம். அதன் மெல்லிய இலை நிழலே தராது, கோரைக்கு அதைவிட நல்ல தோழன் இல்லை.

நிழலும் மூடலும் பார்த்தீனியத்துக்கும் பொருந்தும் என்பதுதான் இந்த ஆராய்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது. இரண்டு களைக்கும் பொதுவான ஒரே எதிரி மூடிய நிலம். எங்கள் பக்கத்தில் துப்புரவான வளவு என்றால் ஒரு புல் பூண்டு இல்லாமல் செருக்கி, கூட்டி, சருகைக் கொளுத்தி, வெறும் மண்ணாக வைத்திருப்பது. முற்றத்துக்கு அது சரி. பாம்பு பூச்சி தெரியவேண்டும். கோடிப்புறத்தையும் வேலியோரத்தையும் அப்படி வெறுமையாக்குவது பார்த்தீனியத்துக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதாகும். அங்கே அறுகு படரட்டும். காவிளாய் விதையுங்கள், வறட்சி தாங்கும், மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும், பழைய தோட்டக்காரர் அதை வெட்டித் தாழ்த்திப் பசளையாக்கியவர்கள். ஆவாரை, தகரை இனங்கள் பார்த்தீனியத்தை நெருக்கி ஒதுக்கும் என்பது இந்தியாவில் பார்த்து அறிந்த விஷயம். வேலியடைத்து இற்றுப்போன பனையோலையைக் கொளுத்தாமல் பாத்திக்கு மேல் மூடாக்காகப் போடுங்கள். பனையோலையை மண்ணில் தாழ்த்துவது எங்கள் தோட்டங்களின் பழைய வழக்கம்; மறந்துபோக அது ஒன்றும் காலாவதியான வேலையில்லை.

மெக்சிக்கோவிலிருந்து எடுத்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட ஒரு வண்டு பார்த்தீனிய இலையைத் தின்று அந்தப் பகுதியில் செடியைக் கணிசமாகக் குறைத்தது. நல்ல வழிதான், ஆனால் அது வீட்டுக்காரர் கையில் இல்லை. விவசாயத் திணைக்களமும் ஆய்வாளர்களும் எடுக்கவேண்டிய முடிவு. தனியாள் அயல்நாட்டுப் பூச்சியைக் கொண்டுவருவது சட்டப்படியும் குற்றம், அறிவுப்படியும் குற்றம்.

மூன்றாவது கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது: யார் செய்வது? ஒரு காலத்தில் வளவுப் புல் களையாக எண்ணப்படவில்லை. கட்டையில் பசுவும் கொட்டிலில் ஆடும் நின்ற வீட்டில் தினமும் யாரோ ஒருவர் புல்லுச் செருக்கினார். அந்த வேலை நின்றதும், மாடு வாய்வைக்காத ஒரு செடி வந்ததும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. போரும் இடப்பெயர்வும் வளவுகளை வெறுமையாக்கின. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வலிகாமம் வடக்கு வளவுகள் பல பத்தாண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. இன்றும் ஒவ்வோர் ஒழுங்கையிலும் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பவரின் பூட்டிய வளவு ஒன்று இருக்கிறது. பக்கத்து வளவில் ஆயிரம் செடி பூத்து நிற்கும்போது இந்த வளவில் ஒருவர் முதுகு முறியப் பிடுங்குவதில் முழுப் பயன் கிடைக்காது. பார்த்தீனியம் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தீங்கான களையாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஒழிக்கும் பொறுப்புக் காணிக்காரருக்கு உண்டு. டெங்குக்காகப் பற்றைக் காணிக்கு அறிவித்தல் ஒட்டும் பிரதேச சபை, அதே அறிவித்தலில் பார்த்தீனியத்தையும் சேர்த்து எழுதுவதற்குப் புதிதாக ஆளணி தேவையில்லை.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். கிணறுள்ள வளவில் உப்புக்கும் களைநாசினிக்கும் இடமில்லை. பார்த்தீனியத்தை மாரியில், பூக்கமுன், கையால். கோரையைக் கோடையில், தண்ணீரை நிறுத்தி, மண்வெட்டியால், பிறகு நிழலால். இரண்டுக்கும் பின்னால் நிலத்தை வெறுமையாக விடாமல் மூடவேண்டும்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் காணிச் சொந்தக்காரரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வளவு துப்புரவாக்கக் காசு அனுப்பும்போது, மெசின் பிடிக்க வேண்டாம், ஐப்பசி மழை தொடங்கி மூன்றாம் கிழமை ஒரு தடவையும் கார்த்திகைக் கடைசியில் ஒரு தடவையும் ஆள்விட்டு வேரோடு பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் வேலிக்கு அப்பால் இருப்பவர்கள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.